பற்றரிக்கு முந்தி ஒரு பெட்டி

“...பெரிசெண்டாப்போலை கனநாளைக்கு உழைக்குமோ தம்பி? என்ரை மச்சான் ஆறடி ரெண்டங்குலம். ஒரு பக்டரியிலையும் ஆறு மாதம் நிண்டதில்லை.”

என் காரின் பொனற்றுக்குள் தலையை விட்டபடி அண்ணை இதைச் சொன்னார். ஸ்காபரோவில் நாங்கள் குடியிருந்த பதினெட்டு மாடிக் கட்டடத்தின் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங் அது. அந்த வருசக் குளிருக்கு என் பற்றரி கையை விரித்துவிட்டது. எனக்கு விடியற்காலையில் வீடுவீடாகப் பேப்பர் போடுகிற வேலை. கார் ஒரு நாளைக்கு நூறு வாசலில் நின்று நின்று எடுபட வேண்டும். இந்த முறை இருக்கிறதிலேயே பெரிய பற்றரியாக வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்போம் என்று பக்கத்தில் நின்ற இந்த மனிசரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதுவரை லிப்ற்றில் பார்த்துத் தலையாட்டியதோடு சரி. அவருக்கு ஐம்பது வயது இருக்கும். கட்டையான ஆள், பெரிய கை.

மச்சானின் கதையை முடித்துவிட்டு ஜாக்கற் பொக்கற்றுக்குள் கையை விட்டு ஒரு கத்தியை எடுத்தார். நான் அரை அடி பின்னுக்குப் போனேன்.

“பயப்பிடாதையும். மட்டை வெட்டப் போறன்.”

மற்றப் பொக்கற்றிலிருந்து ஒரு சின்ன ஸ்பானர் வந்தது. செத்த பற்றரியின் கறுப்பு வயரை முதலில் கழற்றினார், பிறகு சிவப்பை. “கறுப்பு முதல் வெளிக்கிடும், பூட்டேக்கை கடைசியா வரும். கலியாண வீட்டுக்குப் பிந்தி வந்து முந்திப் போற சனம் மாதிரி எண்டு ஞாபகம் வைச்சிரும்.” பற்றரியைத் தூக்கி நிலத்தில் வைத்தார். குப்பைக்குப் போக ஓரமாகச் சாத்தியிருந்த ஒரு காட்போட் மட்டையை இழுத்து வந்து, பற்றரி இருந்த தட்டையும் மட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். அளவு நாடாவால் அளக்கவில்லை. நாலு வெட்டு, ஆறு மடிப்பு. பத்து நிமிசத்தில் ஒரு பெட்டி.

அந்தப் பெட்டியைப் பற்றரித் தட்டில் இறக்கினார். பக்கத்தில் ஒரு விரல் போனது. எடுத்து இன்னொருக்கால் மடித்தார். இப்போது விரல் போகவில்லை. “பொனற்றைச் சாத்தும்” என்றார். சாத்தினேன். திறந்தேன். பெட்டியின் தலை நசுங்கவில்லை. சிவப்புப் பேனையால் ஒரு மூலையில் கூட்டல் அடையாளம் போட்டு என் கையில் தந்தார்.

“உதைக் கடைக்குக் கொண்டு போம். உதுக்குள்ளை இறங்கிற பற்றரியை வாங்கும். பிளஸ் முனை உந்த மூலையிலை நிக்கவேணும். இறங்காட்டி அது வேறை ஆரின்ரையோ காருக்குப் பிறந்தது.”

கடைக்காரப் பெடியன் நான் ஏதோ சாமானைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். வெறும் பெட்டி. விளங்கப்படுத்தினேன். அவன் சிரித்துக்கொண்டு காரின் வருசத்தைக் கொம்பியூற்றரில் தட்டி, ஒரு பற்றரியைக் கொண்டுவந்து பெட்டிக்குள் இறக்கினான். கச்சிதமாக இறங்கியது. ஆனால் பிளஸ் முனை மறு மூலையில். பற்றரியைத் திருப்பி இறக்கினான். இப்போது முனைகள் இரண்டும் பின்பக்கம் போய்விட்டன. சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனவன், அதே உடம்போடு முனைகள் மட்டும் இடம் மாறியிருந்த வேறொரு இலக்கத்தைத் தூக்கி வந்தான். அது சரி. எனக்கு முன்னம் அந்தக் காரை வைத்திருந்த ஆரோ ஒருவர் உள்ளே வயரை மாற்றி இழுத்திருக்கிறார். அது கொம்பியூற்றருக்கு எப்படித் தெரியும்?

அண்ணையிடம் வந்து சொன்னேன். “கொம்பியூற்றர் கார் பிறந்த விதத்தைச் சொல்லும் தம்பி. வளர்ந்த விதத்தை நாங்கள்தான் பாக்கவேணும்” என்றார். என் பெட்டியைத் திருப்பி வாங்கி அதில் வீட்டு இலக்கத்தை எழுதித் தன் கையோடு கொண்டு போய்விட்டார்.

எங்கே கொண்டுபோனார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்கள் வீட்டில் அலுமாரிக்கு மேலே முகட்டை முட்ட மட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு இலக்கம்: 306, 1204, 911. ஒன்றில் இலக்கம் இல்லை, ‘ஐயர்’ என்று மட்டும். அந்தக் கட்டடத்தில் இருந்த எங்கள் ஆட்களின் கார் எல்லாம் அண்ணையின் அலுமாரிக்கு மேலே நின்றன. தேத்தண்ணி கொண்டுவந்த அக்கா, அதுதான் அண்ணையின் மனிசி, நான் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு சொன்னா:

“வீட்டிலை இருக்கிறது ஒரு கார். அலுமாரிக்கு மேலை இருபத்திமூண்டு.”

அண்ணைக்குப் பெட்டி செய்கிற பக்டரியில் வேலை. மட்டை வெட்டுகிற மெஷினில் நின்றார். காலையில் தொடங்கினால் பின்னேரம் வரை பிஸ்கற்றுக்குப் பெட்டி, சப்பாத்துக்குப் பெட்டி, ரீவிக்குப் பெட்டி. அதனால் உலகத்தில் உள்ள எதைப் பார்த்தாலும் அவருக்கு முதலில் அதன் பெட்டிதான் தெரியும். ஆட்களையும் அப்படித்தான். சங்கத்துத் தலைவர் ஒருவர் மேடையில் முக்கால் மணித்தியாலம் முழங்கிவிட்டு இறங்கினார். எப்படிப் பேச்சு என்று அண்ணையைக் கேட்டேன். “பெட்டி பெரிசு, சாமான் சின்னன். இடையிலை முழுக்கக் கசக்கின பேப்பர்” என்றார். என் மகள் பிறந்து ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்தபோது எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாரும் மூக்கு ஆரைப் போல, முழி ஆரைப் போல என்று கதைத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் “அளவான பிள்ளை” என்றார். என் மனிசிக்கு முகம் சுருங்கிவிட்டது. அண்ணையின் வாயால் வருகிற ஆக உயர்ந்த வார்த்தை அது என்று நான்தான் பிறகு சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

இந்தப் பழக்கம் பக்டரிக்கு முந்தியும் இருந்திருக்க வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு அறையில் ஆறு பேர் இருந்தார்களாம். ஆறு மெத்தை. எப்படிப் போட்டாலும் ஒருவரின் கால் கதவில் முட்டும். இரண்டு கிழமையாகச் சண்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் வேலைக்குப் போனபோது இவர் பழைய பேப்பரை மெத்தை அளவுக்கு ஆறு துண்டாக வெட்டி நிலத்தில் போட்டு, அதை இதை நகர்த்திப் பின்னேரத்துக்குள் வழி கண்டுபிடித்துவிட்டார். ஆறு பேரும் படுக்கலாம், கதவும் திறக்கலாம். “அண்டைக்கு ராத்திரி எல்லாரும் நித்திரை. எனக்கு மட்டும் நித்திரை வரேல்லை” என்றார். ஏன் என்று கேட்டேன். “ஒரு மூலையிலை மூண்டு விரல் இடம் சும்மா கிடந்தது.”

அவரைக் கேளாமல் பற்றரி வாங்கியவர்களும் இருந்தார்கள். பன்னிரண்டாம் மாடியில் கல்யாண வீடுகளுக்குச் சாப்பாடு செய்துகொடுக்கிற ஒருவர். சாப்பாடு ஏற்ற ஒரு வான் வைத்திருந்தார். என்னைப் போலவே, ஆனால் என்னைவிடத் துணிந்தவர். ‘பெட்டியண்ணையின்ரை மட்டையைத் தூக்கிக்கொண்டு திரிய எனக்கு நேரமில்லை’ என்று சொல்லிவிட்டு, கடையில் இருந்ததிலேயே பெரிய பற்றரியை வாங்கி வந்தார். தட்டுக்குள் போகாததை நெரித்து இருத்தினார். பொனற் சாத்துப்படவில்லை. அதன்மேல் தானே ஏறி இருந்து சாத்தினார். அந்த மனிசர் இருந்தால் எதுவும் சாத்துப்படும்.

அடுத்த சனிக்கிழமை பிறந்தநாள் விழாவுக்கு ஆறு தட்டு இடியப்பத்தோடு போகும்போது, பள்ளத்தில் விழுந்து எழும்பிய வான் அப்படியே நின்றுவிட்டது. பொனற்றின் தகடு பற்றரியின் முனையில் தட்டித் தட்டிப் பொறி பறந்து, உள்ளே கருகின மணம். அண்ணைக்குப் போன் வந்தது. நான் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணை எட்டிப் பார்த்தார். நான் சொன்னனான்தானே என்று ஒரு சொல் சொல்லவில்லை. சந்திக் கடையில் ஒரு மட்டை வாங்கி வந்து, அந்தக் குளிரில் நின்று ஒரு பெட்டி செய்து, அதை வானின் முகட்டில் வைத்துவிட்டு, அந்தப் பெரிய பற்றரியைக் காட்டினார்.

“உதைக் குடியிருக்க விடாதையும். வீட்டுக்காரனை எழுப்பிப்போட்டு இருக்கிற ஆள்.”

அந்தப் பற்றரியால் விழா நேரத்துக்கு இடியப்பம் போய்ச் சேரவில்லை. என் காரால் போய்ச் சேர்ந்தது. அன்று காரின் முன்சீற்றில் அண்ணை மடியில் இரண்டு தட்டை வைத்துக்கொண்டு இருந்தார். அப்போதுதான் கேட்டேன், நீங்கள் ஏன் உங்கடை காரில் வரேல்லை என்று.

“எனக்குக் கார் ஓடத் தெரியாது” என்றார்.

நான் பிறேக்கைக் கொஞ்சம் பலமாக அழுத்திவிட்டேன். நல்ல காலம், அண்ணை தட்டைப் பிடித்துவிட்டார்.

ஓடத் தெரியாது என்பது சரியில்லை. ஓடுவார். அக்கா பக்கத்தில் இருந்தால், பழகுகிற ஆளுக்குக் கொடுக்கிற லைசென்ஸோடு ஒழுங்காக ஓடுவார். ரோட்டு ரெஸ்ற்றில்தான் வில்லங்கம். முதல்தரம் எல்லாம் நன்றாகப் போய், கடைசியில் இரண்டு கார்களுக்கு நடுவில் பின்னால் எடுத்து ஓரமாக நிறுத்தச் சொல்லியிருக்கிறார் சோதிக்கிறவர். அண்ணை காரை நிறுத்தி, கைப்பிறேக் போட்டு, ‘ஒரு நிமிசம்’ என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். இறங்கிப் பின்னால் போய், இடைவெளி எவ்வளவு என்று சாணால் அளந்து, திரும்பி வந்து ஏறி, ஒரே எடுப்பில் நிறுத்தியிருக்கிறார். அதைவிட வடிவாக எவரும் நிறுத்தியிருக்க முடியாதாம். ஆனால் பெயில்.

இரண்டாம்தரமும் பெயில். “முழுக்க இறங்கேல்லைத் தம்பி. ஒரு கால்தான் வெளியிலை போனது.” மூன்றாம்தரம் இறங்கவே இல்லை. ஆனால் அளக்காத இடத்துக்குள் காரை விட மனம் வராமல் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்திருக்கிறார். அவருக்கு நெஞ்சுக்குத்தோ என்று பயந்துபோன சோதிக்கிறவர் தண்ணி வேணுமா என்று கேட்டாராம்.

“ஊரிலை உள்ள கார் எல்லாத்துக்கும் வைத்தியர்” என்பா அக்கா. “தன்ரை கையிலை ஸ்ரியரிங் வந்தால் நோயாளி.”

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த கதைதான். நான் அங்கே இருந்த கடைசிக் குளிர்காலத்தில் சிரிப்பு நின்றது. பக்டரி ஸ்காபரோவிலிருந்து ஊரைத் தாண்டி அஜக்ஸுக்கும் அந்தப் பக்கம் போனது. முதல் ஷிப்ற்றுக்குப் போகிற நேரத்தில் அங்கே பஸ் இல்லை. அக்காதான் விடியக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் தன் வேலைக்குப் போய்வந்தா. அந்த அக்காவுக்குத் தோள்மூட்டில் ஒப்பரேசன் என்று திகதி வைத்துவிட்டார்கள். வெட்டினால் நாலு மாதத்துக்கு ஸ்ரியரிங் பிடிக்கக்கூடாது. போதாததற்கு அண்ணையின் பழகுகிற லைசென்ஸும் அந்த மாதக் கடைசியோடு காலாவதி. நாலாம்தரமும் தவறினால் எழுத்துச் சோதனையிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும், ரோட்டு ரெஸ்ற்றுக்கு இன்னும் மாதக்கணக்கு. அவ்வளவுக்கு மெஷின் அண்ணைக்காகக் காத்துக்கொண்டிருக்காது.

நாலாவது ரெஸ்ற் காலை பத்தரைக்கு. நான் பேப்பர் போட்டு முடித்துவிட்டு, துணைக்கு என்று அவர்கள் காரின் பின்சீற்றில் ஏறிக்கொண்டேன். அக்கா ஓட்டி வந்தா. ரெஸ்ற் எடுக்கும் இடத்துக்கு ஒன்பது மணிக்கே போய்விட்டோம். பெற்றோல் வீணாகப் போகும் என்று அக்கா எஞ்சினை நிறுத்தினா. ஆனால் சாமிப்பாட்டு சீடியை நிறுத்தவில்லை. இன்றைக்கு அது ஓடத்தான் வேண்டும். குளிருக்குச் சூடாகக் காற்றடிக்கிற விசிறியையும் நிறுத்தவில்லை. அண்ணையின் நெற்றியில் திருநீறு பூசி, “பெட்டி மட்டை ஒண்டையும் நினையாதையுங்கோ. இறங்காதையுங்கோ. அவ்வளவும்தான்” என்றா.

அண்ணை “ஓம்” என்றார். அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் பாட்டுக் கேட்டோம். முருகன் மயில் ஏறி வருகிற இடத்தில் பாட்டு நின்றது.

சீடியில் கீறல் என்று நினைத்தோம். அண்ணை எட்டிக் கார்த் திறப்பைத் திருப்பினார். ‘டக்’ என்றது. திரும்பவும் ‘டக்’. மணி ஒன்பது ஐம்பது.

பக்கத்தில் கார் பழக்குகிற ஒருவர் நின்றார், எங்கடை ஆள்தான். வந்து பார்த்தார். “வயர் குடுத்து எழுப்பி விடலாம் அண்ணை. ஆனா ரெஸ்ற் தொடங்க முன்னம் எஞ்சினை நிப்பாட்டி எடுக்கச் சொல்லுவினம். உந்தப் பற்றரி திரும்ப எழும்பாது. எழும்பாட்டி ரெஸ்ற் இல்லை” என்றார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கார்ச் சாமான் கடை ஒன்று தெரிந்தது. எனக்கு உடனே அலுமாரி ஞாபகம் வந்தது.

“அண்ணை, உங்கடை காருக்குச் செய்த பெட்டி எங்கை? டிக்கியிலை கிடக்கோ?”

அக்காதான் பதில் சொன்னா.

“மற்றாக்களின்ரை இருபத்திமூண்டுக்கும் இருக்கு.”

ஸ்பானர் மட்டும் ஜாக்கற்றுக்குள் இருந்தது. கறுப்பு முதல், சிவப்பு பிறகு. செத்த பற்றரியை நான் பிள்ளையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். முன்னால் அக்கா, பின்னால் அண்ணை. கடையில் நின்ற பிள்ளை இலக்கத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். குளிர் தொடங்கியதிலிருந்து அந்த அளவு வந்ததும் போய்விடுகிறதாம். நாளைப் பின்னேரம் வரும். அதற்குக் கிட்டவாக இரண்டு இருக்கின்றன என்று காட்டினாள். ஒன்று எங்களுடையதைவிட இரண்டு விரல் நீளம். மற்றது இரண்டு விரல் ஒடுக்கம்.

அண்ணை இரண்டுக்கும் நடுவில் நின்றார்.

“அண்ணை, பெரிசை நெரிச்சு...” என்று தொடங்கின நான், வான் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

“ஒருக்காப் போய்த் தட்டை அளந்து...” என்றார் அண்ணை.

“மணியைப் பாருங்கோ.” அக்காவின் குரல் எழும்பியது. கடைப்பிள்ளை திரும்பிப் பார்த்தாள். “நீங்கள் பற்றரி பாக்கிறியளோ, மாப்பிளை பாக்கிறியளோ? ரெண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ. நான் வெட்டுப்படப் போற கையோடை உங்களை எப்பிடி விடிய விடியக் கொண்டு போறது?”

அண்ணை அவவைப் பார்த்தார். பிறகு அந்த இரண்டு பற்றரியையும் பார்த்தார். பார்க்டேல் அறையில் மூன்று விரல் இடத்துக்கு நித்திரை கொள்ளாத மனிசர். அவர் முகத்தில் வேர்வை வந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன், அந்தக் குளிரில்.

“பெரிசு வெளியிலை நிக்கும்” என்றார் மெல்ல. “சின்னன் உள்ளுக்கை ஆடும். ஆடுறதுக்கு மருந்து இருக்கு. வெளியிலை நிக்கிறதுக்கு இல்லை.”

ஒடுக்கமான பற்றரியைத் தொட்டார். பிளஸ் முனை எங்கள் பழையதில் இருந்த மூலையிலேயே இருந்தது. பழையதின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், உயரம் கூடவில்லை. குளிரில் எஞ்சினை எழுப்புகிற பலம் எவ்வளவு என்று அதன் தலையில் எழுதியிருந்த எண்ணை வாசித்தார். பழையதைவிடக் கொஞ்சம் குறைவு. “எங்கடை சின்ன எஞ்சினுக்குப் போதும். நாளைக்குச் சரியானது வந்தோடனை மாத்துவன்” என்றார். அக்காவுக்குச் சொன்னாரோ தனக்குச் சொன்னாரோ தெரியவில்லை. போகும்போது கடைப்பிள்ளையிடம் ஒரு வெற்று மட்டைப் பெட்டி கேட்டு வாங்கினார். விரலால் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்து, “எங்கடை பக்டரி இல்லை. மெல்லிசு” என்றார்.

அதைக் கிழித்து நாலு தரம் மடித்து, பற்றரிக்கும் தட்டின் சுவருக்கும் இடையில் இறுக்கமாகச் செருகினார். மேலே பிடிக்கிற சட்டத்தை முறுக்கினார். பற்றரியைப் பிடித்து ஆட்டினார். கார் ஆடியது, பற்றரி ஆடவில்லை. சிவப்பு, கடைசியாகக் கறுப்பு. திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் எழும்பியது. பாட்டும் தொடங்கியது. அக்கா பாய்ந்து அதை நிறுத்தினா.

சோதிக்க வந்தவ உயரமான ஒரு மனிசி. கையில் பலகை, முகத்தில் ஒன்றுமில்லை. எஞ்சினை நிறுத்தச் சொன்னா, எடுக்கச் சொன்னா. எடுபட்டது. கார் வெளியே போனது. நானும் அக்காவும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மெல்லிய பனி தூவத் தொடங்கியிருந்தது. நிலம் மாவரித்தது போல.

இருபது நிமிசம் போனது. வேலிக்கு அந்தப் பக்கத்துச் சின்ன ரோட்டில் எங்கள் கார் வருவது தெரிந்தது. ஓரத்தில் ஒரு சாம்பல் நிற வான் நின்றது. அதற்குப் பக்கத்தில் கார் வந்து நின்றது. அந்த வானுக்குப் பின்னால் எடுத்து ஓரமாக விட வேண்டும். அதுதான்.

கார் அசையவில்லை.

அக்கா என் ஜாக்கற் கையைப் பிடித்தா. “எடுங்கோ... எடுங்கோவன்...” என்று வாய்க்குள் சொன்னா. எனக்கும் வாய்க்குள் ஏதோ ஓடியது. வைப்பர் ஒருக்கால் போய் வந்தது. இன்னொருக்கால் போய் வந்தது. பிறகு அண்ணையின் பக்கத்துக் கதவு திறந்தது.

“ஐயோ முருகா, இறங்கிறார்.” அக்கா கண்ணை மூடிக்கொண்டா.

நான் மூடவில்லை. திறந்த கதவால் ஒரு கை வெளியே வந்தது. கதவுக்கு வெளியே மாட்டுப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்த ஜாக்கற்றின் நுனியை அந்தக் கை பிடித்து உள்ளே இழுத்தது. கதவு சாத்துப்பட்டது. பின்னுக்கு வெள்ளை லைற் எரிந்தது. கார் மெதுவாக, வளைந்து, ஒரே எடுப்பில் ஓரத்தில் போய் நின்றது.

“அக்கா, கண்ணைத் திறவுங்கோ” என்றேன். அவ திறக்கவில்லை. கார் திரும்பி நாங்கள் நின்ற முற்றத்துக்கு வந்து நின்ற பிறகுதான் திறந்தா.

அண்ணை உள்ளே போய்க் கடதாசியோடு வந்தார். கடதாசியை அக்காவிடம் நீட்டினார். அக்கா மேலிருந்து கீழே வாசித்தா, பிறகு கீழிருந்து மேலே வாசித்தா. நோகாத கையால் அவர் முதுகில் ஒரு அடி போட்டா. “பாஸ்!” என்று எனக்குச் சொன்னா, எனக்குத் தெரியாதது போல. கண்ணைத் துடைத்துக்கொண்டு கார்த் திறப்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து மூடினா.

“இஞ்சேருங்கோ, இண்டையிலையிருந்து நீங்கள்தான். வாங்கோ, வீட்டை போவம்.”

“ஒரு நிமிசம்” என்றார் அண்ணை.

திறப்பைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு காரைத் தாண்டி நடந்தார். எதையோ விழுத்திவிட்டார் என்று நானும் பின்னால் போனேன். வேலியைச் சுற்றி அந்தச் சின்ன ரோட்டுக்கு வந்தார். சாம்பல் நிற வான் அங்கேயே நின்றது. அதன் பின்னால், கொஞ்சம் முன்னம் எங்கள் கார் நின்ற இடத்தில், மெல்லிய பனியில் ரயர் அடையாளம் அப்படியே இருந்தது. அண்ணை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். என்னைத் தவிர ஒருவரும் இல்லை. குந்தி இருந்து, கையுறையைக் கழற்றி, நடைபாதைக் கல்லிலிருந்து ரயர் அடையாளம் வரை சாணை விரித்து வைத்தார். சரியாக ஒரு சாண். கொஞ்சம் யோசித்துவிட்டு, மற்றக் கையுறையையும் கழற்றி, அந்தக் கையாலும் ஒருக்கால் அளந்தார்.